போர் ஓவர் காப்பி: கெட்டில், டிரிப்பர், தண்ணீர்ச் சூடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கத் தெரியும், சிங்கப்பூரில் கீழே காப்பிக் கடையில் கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) சொல்லவும் தெரியும், ஆனால் வீட்டுக்குப் புதிதாக ஒரு வி60 டிரிப்பர், அதாவது போர் ஓவர் முறையில் தாளில் தூளைப் போட்டுக் கையால் வெந்நீர் ஊற்றிக் காப்பி வடிக்கும் கூம்பு, வந்திருக்கிறது, தண்ணீர் எத்தனை டிகிரி என்பதிலேயே குழம்பி நிற்கிறோம் என்பவர்களுக்காக எழுதியது இது. என் கட்சி என்ன என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்: சூடு முக்கியம்தான், ஆனால் கெட்டில் விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. கையில் இருக்கும் காசு முதலில் கிரைண்டருக்குப் போகட்டும்.

நம்ம பித்தளை ஃபில்டரும் இதே வேலையைத்தானே செய்கிறது?

பாதி சரி. மேலே தூள், அதன் மேல் வெந்நீர், கீழே சாறு என்பதுவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் பித்தளை ஃபில்டரில் நைஸான தூளைப் போட்டு, குடையால் லேசாக அழுத்தி, ஒரே தடவை கொதிநீரை ஊற்றி மூடிவிட்டுக் குளிக்கப் போய்விடலாம். தண்ணீர் மெதுவாக, வெகுநேரம் தூளோடு கிடந்து இறங்குவதால் சூடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெரிதாகத் தெரியாது, அதற்கு மேல் பாலும் சர்க்கரையும் வேறு வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். போர் ஓவர் அப்படியல்ல. தாள் வடிகட்டி, சற்றுக் கொரகொரப்பான தூள், மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பெரும்பாலும் கறுப்பாகவே குடிக்கிறோம், அதனால் தவறு எதுவும் ஒளிய இடமில்லை.

தாள் வடிகட்டியைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், 1908இல். பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றும் தாளை அதில் விரித்துக் காப்பி வடித்தார். ஆக, அங்கேயும் ஆரம்பம் பித்தளைதான்.

எதை எதை வாங்க வேண்டும்? எந்த வரிசையில்?

கிரைண்டர், தராசு, டிரிப்பரும் தாளும், கடைசியாகக் கெட்டில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் கெட்டில்தான் படத்தில் அழகாக இருக்கிறது. மிக்ஸியில் அடித்த தூளில் பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் இருக்கும். மாவு அதிகம் கரைந்து கசக்கும், ரவை சரியாகக் கரையாமல் புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். அதைத் தண்ணீர்ச் சூட்டை வைத்துச் சரிசெய்யவே முடியாது. நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் நல்ல கைக் கிரைண்டர் ஒன்று போதும். தராசு கேக் செய்யும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

டிரிப்பரில் எது நல்லது? பீங்கானா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

முதலில் வடிவம். வி60 என்பது ஜப்பானின் ஹாரியோ செய்வது, பெயரில் இருக்கும் 60 அதன் கூம்பின் கோணம். அடியில் ஒரே பெரிய ஓட்டை, உள்சுவரில் சுழன்று ஏறும் வரிகள். தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை டிரிப்பர் தீர்மானிக்காது, உங்கள் அரைப்பும் ஊற்றும் கையும்தான் தீர்மானிக்கும். அதனால் நன்றாக வந்தால் மிக நன்றாக வரும், கவனம் சிதறினால் உடனே காட்டிக்கொடுக்கும். கலிட்டா வேவ் தட்டையான அடி, மூன்று சின்ன ஓட்டைகள், கொஞ்சம் மன்னிக்கும் குணம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே காப்பி போடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கெமெக்ஸ் 1941இல் பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் உருவாக்கியது, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்கூட இடம்பிடித்த அழகு. தாள் தடிமன் அதிகம், காப்பி தெளிவாக வரும். ஆனால் ஒருவருக்கு ஒரு கோப்பை போட அது பெரிய பாத்திரம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை மேடையில் இடமும் பிடிக்கும், கழுவுவதும் தொல்லை.

பொருள் என்று வந்தால் பிளாஸ்டிக்கை வாங்குங்கள். மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, சூட்டுக்கும் அதுதான் நல்லது. பீங்கான் கனமானது, குளிர்ந்த பீங்கானில் வெந்நீரை ஊற்றினால் முதல் நிமிடச் சூட்டை அதுவே குடித்துவிடும். பீங்கான்தான் வேண்டும் என்றால் தாராளமாகக் கொதிநீர் விட்டுச் சுடவைத்த பிறகே தூளைப் போட வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை, விழுந்தாலும் உடையாது.

உலோக வலை டிரிப்பர் தாள் செலவை மிச்சப்படுத்தும் என்று விற்கிறார்கள். மிச்சம்தான். ஆனால் காப்பி எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது, தாள் அதைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும், வலை விட்டுவிடும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் யோசித்து முடிவெடுங்கள்.

சரி, தண்ணீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

ஒரே எண் கிடையாது, கொட்டை எவ்வளவு வறுபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. லேசாக வறுத்த கொட்டை கெட்டியாக இருக்கும், எளிதில் கரைந்து வராது, அதற்கு 95இலிருந்து கொதிநிலைவரை போகலாம், பயப்பட வேண்டாம். நடுத்தர வறுவலுக்கு 92, 93. கறுத்து எண்ணெய் மினுங்கும் வறுவல் உள்ளுக்குள் பொரபொரவென்று ஆகியிருக்கும், தண்ணீர் பட்டவுடனே எல்லாவற்றையும் கொடுத்துவிடும், கசப்பையும் சேர்த்து. அதற்கு 85இலிருந்து 88 போதும்.

கொதிக்கிற தண்ணீர் காப்பியைக் ‘கருக்கிவிடும்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 200 டிகிரிக்குப் பக்கத்தில் வறுபட்டு வந்த கொட்டை 100 டிகிரித் தண்ணீரில் எப்படிக் கருகும்? கசப்பு கூடுதலாக இறங்கலாம், அவ்வளவுதான், அதுவும் கறுத்த வறுவலில்தான் தெரியும்.

அப்படியானால் 92க்கும் 93க்கும் வித்தியாசம் தெரியுமா?

தெரியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் சுவாரசியமானது. 87, 90, 93 டிகிரிகளில் காப்பி வடித்தார்கள், ஆனால் அரைப்பையும் தண்ணீர் ஓடும் வேகத்தையும் மாற்றி, காப்பியின் அடர்த்தியும் கொட்டையிலிருந்து கரைந்து வந்த அளவும் எல்லாவற்றிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பழகிய நாக்குள்ளவர்களைச் சுவைக்கச் சொன்னால், சூட்டால் வந்த வித்தியாசம் மிகக் குறைவு. இதற்கு அர்த்தம் சூடு வேண்டாம் என்பதல்ல. சூடு என்பது எவ்வளவு கரைகிறது என்பதைத் திருப்பும் ஒரு திருகு, அரைப்பு இன்னொரு திருகு, ஒன்றைக் குறைத்தால் மற்றதால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடலாம்.

அதனால் ஒரு டிகிரியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், ஆனால் இன்றைக்கு 97, நாளைக்கு 84 என்று தாறுமாறாக இருந்தால் எது சரி எது தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது. தினமும் ஏறக்குறைய ஒரே சூடு, அது போதும்.

கெட்டில் 96 காட்டுகிறது. தூள் மேலும் 96தானா?

இல்லை. மூக்கிலிருந்து விழும்போதே கொஞ்சம் இறங்கும், அறைச் சூட்டில் இருக்கும் தூளும் டிரிப்பரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மேற்பரப்பில் ஆவியாகவும் போகும். டிரிப்பருக்குள் தெர்மாமீட்டரை நுழைத்துப் பார்த்தால் பல டிகிரி குறைவாகத்தான் காட்டும், முதல் ஊற்றில் இன்னும் குறைவு. சமையல் குறிப்புகளில் வரும் எண் கெட்டிலின் சூடு, தூளின் சூடல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் சூடு அதிகம் போகும். ஊற்றுகளுக்கு நடுவே கெட்டிலை அதன் தட்டிலேயே திரும்ப வைப்பது நல்ல பழக்கம்.

சூடு காட்டும் கெட்டில் இல்லை. சாதாரணக் கெட்டிலில் எப்படிச் சமாளிப்பது?

குளிக்க வெந்நீர் விளாவுவது மாதிரிதான். நன்றாகக் கொதித்த தண்ணீர் 400 மில்லியில், குழாயிலிருந்து பிடித்து வைத்த அறைச் சூட்டுத் தண்ணீர் 50 மில்லி கலந்தால் 92 டிகிரிக்கு வரும். 40 மில்லி என்றால் 93, 94. கறுத்த வறுவலுக்கு 80 மில்லி கலந்தால் 88. இது இங்கே ஆண்டு முழுக்கப் பொருந்தும், நம் ஊரில் அறைத் தண்ணீர் எப்போதும் ஏறக்குறைய 28 டிகிரிதானே, குளிர்காலம் வெயில்காலம் என்று கணக்கை மாற்ற வேண்டிய வேலை இல்லை. ஃபிரிட்ஜ் தண்ணீரை விட்டால் கணக்கு தப்பும். பாத்திரம் குடிக்கும் சூட்டையும் சேர்த்தால் உண்மையில் ஓரிரு டிகிரி குறைவாகவே வரும், அது பரவாயில்லை.

‘கொதித்த பிறகு 30 விநாடி காத்திரு, 92 ஆகிவிடும்’ என்பதை நம்பாதீர்கள். மூடி போட்ட நிறை கெட்டில், நம் வெக்கையில், 30 விநாடியில் அசையவே அசையாது. அதே தண்ணீரை ஒரு குளிர்ந்த எஃகு கூஸ்நெக்கில் (வளைந்த மெல்லிய மூக்குள்ள கெட்டிலில்) மாற்றி ஊற்றினால் ஒரு நொடியில் ஐந்து டிகிரி போய்விடும், சில சமயம் அதற்கு மேலும். லேசான வறுவல் போடுகிறவர்கள் இப்படி மாற்றவே கூடாது, இல்லையென்றால் கூஸ்நெக்கை முதலில் சுடவைக்க வேண்டும்.

ஊட்டியில் அத்தை வீட்டில் இதே கொட்டை வேறு மாதிரி வருகிறதே?

வரும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே தளதளவென்று கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஏறாது. ஏற்காட்டில் 95 வரும். அங்கே லேசான வறுவலை இன்னும் நைஸாக அரைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். இங்கே அந்தப் பிரச்சினை கிடையாது. சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவின் உச்சியே 163 மீட்டர்தான், அடுப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போனாலும் அரை டிகிரிதான் குறையும்.

சூடு வைக்கும் மின்கெட்டில் வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மின்சாரம். சிங்கப்பூரில் 230 வோல்ட், மூன்று சதுரக் கால் பிளக். அமெரிக்கத் தளத்தில் சலுகை விலையில் கிடைக்கிறது என்று 120 வோல்ட் கெட்டிலை வரவழைத்து, பயண அடாப்டரில் செருகினால், அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை அல்ல. 1,200 வாட்டுக்காகச் செய்த கம்பியில் 4,000 வாட்டுக்கு மேல் பாயும், கெட்டில் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு நிற்கும். ஜப்பானிலிருந்து வருவது 100 வோல்ட், இன்னும் மோசம். இங்கே மின்கெட்டில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், பாதுகாப்பு முத்திரை இருந்தால்தான் விற்கலாம். அந்த முத்திரையைத் தேடி வாங்குங்கள். தவிர, 2023இலிருந்து 400 வெள்ளிக்குக் கீழே வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குவதற்கும் பொதுவாகப் பொருள் சேவை வரி உண்டு, ஆகையால் அந்தச் சலுகையும் பாதிக் கனவுதான்.

அப்புறம் கட்டுப்பாடு. மலிவான கெட்டில்கள் 93 வைத்தால் 97வரை ஏறி, அணைந்து, 89வரை இறங்கி, திரும்ப எரியும். பிஐடி என்று போட்டிருப்பவை இலக்கை நெருங்க நெருங்க மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதன் பக்கத்திலேயே நிற்கும். வைத்த சூட்டிலேயே பிடித்து வைக்கும் வசதி உண்டா, பிடி கைக்கு வாகாக இருக்கிறதா, இவையும் வேண்டும். செல்பேசியோடு இணைவது, முகப்பில் கடிகாரம் ஓடுவது இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். கொள்ளளவு 0.6 லிட்டர் ஒருவருக்குப் போதும், விருந்தினர் வரும் வீட்டுக்கு 0.9.

அடுப்பில் வைக்கும் கெட்டில் என்றால், இண்டக்‌ஷன் அடுப்புள்ளவர்கள் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கூஸ்நெக் கண்டிப்பாக வேண்டுமா?

வி60க்கு வேண்டும். கலிட்டாவுக்குச் சமாளிக்கலாம்.

கெட்டில் காட்டும் எண் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

கடல் மட்டத்தில் இருப்பதன் லாபம் இது: தளதளவென்று கொதிக்கும்போது 100 காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் எத்தனை டிகிரி தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். தனித் தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். கெட்டிலின் உணரி பெரும்பாலும் அடியில் இருப்பதால், தண்ணீர் மிகக் குறைவாக இருந்தால் தவறாகக் காட்டும். குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் நிரப்புங்கள்.

குழாய்த் தண்ணீர் போதுமா? பாட்டில் வாங்க வேண்டுமா?

குழாய்த் தண்ணீரே போதும், ஒரு கரி வடிகட்டி ஜாடி இருந்தால் இன்னும் நல்லது. பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீர் மிகவும் கடினமானதல்ல, கெட்டிலில் சென்னை போர்வெல் தண்ணீர் மாதிரி வெள்ளையாகப் படியாது. கிருமி நீக்கத்துக்கு இங்கே குளோரமைன் சேர்க்கிறார்கள், அது சாதாரணக் குளோரின் மாதிரி வாளியில் பிடித்து வைத்தால் பறந்துவிடாது, மீன் தொட்டி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாக்கு கூர்மையானவர்களுக்கு அந்த வாடை காப்பியில் தெரியும், கரி அதைக் குறைக்கும்.

டிஸ்டில்டு வாட்டர் சுத்தம் என்று அதை வாங்கி ஊற்றாதீர்கள். தண்ணீரில் கொஞ்சமாவது கால்சியம், மக்னீசியம் எல்லாம் இருந்தால்தான் காப்பி சரியாக இருக்கும், இல்லையென்றால் சப்பென்று இருக்கும். ஸ்பெஷாலிட்டி காப்பி அசோசியேஷன் சொல்லும் அளவு, கரைந்த தாதுக்கள் லிட்டருக்கு 150 மில்லிகிராம், 75இலிருந்து 250வரை ஏற்கலாம்.

ஒருமுறை கொதித்த தண்ணீரைத் திரும்பக் கொதிக்க வைக்கலாமா?

தாராளமாக.

எத்தனை தடவை பிரித்து ஊற்றுவது?

15 கிராம் தூளுக்கு 240 மில்லி தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். முதலில் 40 மில்லி ஊற்றி 30, 40 விநாடி விடுங்கள், புதிதாக வறுத்த கொட்டையில் அடைந்திருக்கும் கரியமில வாயு நுரைத்து வெளியேறும், பிறகுதான் தண்ணீர் ஒழுங்காக உள்ளே போகும். மீதியை இரண்டு மூன்று தடவையாக. மொத்தம் மூன்று நிமிடத்துக்கு அக்கம்பக்கம். ஜப்பானின் டெட்சு கசுயா 2016இல் உலக புரூவர்ஸ் கப் என்ற காப்பி வடிக்கும் போட்டியில் ஜெயித்த 4:6 முறையும் எளிதுதான்: 20 கிராம், 300 மில்லி, 60 மில்லியாக ஐந்து ஊற்று. முதல் 40 சதவீதம் புளிப்பு-இனிப்பைத் தீர்மானிக்கும், மீதி 60 சதவீதம் திடத்தை. அதற்கு அரைப்பு கொரகொரப்பாக இருக்க வேண்டும்.

புளிக்கிறது, அல்லது கசக்கிறது. சூட்டை மாற்றவா, அரைப்பை மாற்றவா?

அரைப்பை. புளித்துத் தண்ணீராக இருந்தால் இன்னும் நைஸாக, கசந்து நாக்கு வறண்டால் இன்னும் கொரகொரப்பாக. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைப்பை எவ்வளவு மாற்றியும் புளிப்பு போகவில்லை என்றால் அப்போது சூட்டை ஏற்றுங்கள், கறுத்த வறுவலில் கசப்பு அடங்கவில்லை என்றால் ஒரேயடியாக ஐந்து டிகிரி இறக்குங்கள். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி இறக்கிவிட்டு வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்பது வீண்.

சிராங்கூன் ரோட்டில் வாங்கிய சிக்கரி கலந்த தூளை வி60இல் போடலாமா?

வேண்டாம். அது பித்தளை ஃபில்டருக்காக நைஸாக அரைத்தது, சிக்கரியும் நனைந்தவுடன் ஊறிக்கொண்டு தாளை அடைத்துவிடும், தண்ணீர் மேலேயே குளம் கட்டி நிற்கும். சிக்கரி கலக்காத பீபெரியோ (உருண்டை ஒற்றைக் கொட்டை) பிளாண்டேஷன் ஏ-யோ (பெரிய கொட்டை ரகம்) முழுக் கொட்டையாகக் கிடைத்தால் வாங்கி வீட்டில் அரையுங்கள். அந்த வறுவல் பெரும்பாலும் கறுப்பு என்பதால் 88இல் தொடங்குங்கள், சாக்லேட் சாயலோடு புளிப்பில்லாமல் வரும். வீட்டுப் பெரியவர்களுக்கு எத்தியோப்பியக் கொட்டையைக் கொடுத்தால் ‘என்னம்மா, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி இருக்கு’ என்பார்கள், இதைக் கொடுத்தால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவார்கள்.

காப்பிக் கடைத் தூளும் அப்படித்தான். சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த ரோபஸ்டா அது, காலுறை மாதிரி நீண்ட துணி வடிகட்டியில் கொதிநீர் விட்டு இறக்கத்தான் சரி.

பால் சேர்க்கலாமா?

உங்கள் காப்பி, உங்கள் இஷ்டம். ஆனால் மேலே சொன்ன 1:16 (15 கிராமுக்கு 240 மில்லி) காப்பியில் பால் விட்டால் நீர்த்துப்போகும், 20 கிராமுக்கு 200 மில்லி என்று கெட்டியாக வடித்து, நன்றாகக் காய்ச்சிய பாலைக் கொஞ்சமாகச் சேருங்கள். டிகாஷன் காப்பிக்கு அது ஈடாகாது, அது வேண்டுமென்றால் பித்தளையை எடுத்துவிடுவதே மேல்.

இந்த வெயிலில் ஐஸ் காப்பிக்கு இதே முறை சரிவருமா?

சரிவரும், அதுவும் பிரமாதமாக. கீழ்ப் பாத்திரத்தில் 120 கிராம் ஐஸ், மேலே 20 கிராம் தூள், 180 மில்லி வெந்நீர். தண்ணீர் குறைவு என்பதால் சற்று நைஸாக அரைத்து, கொதிநிலைக்குப் பக்கத்திலேயே ஊற்றுங்கள். சொட்டுகள் ஐஸில் விழுந்தவுடன் குளிர்வதால் வாசனை ஆவியாகிப் போகாமல் கோப்பைக்குள்ளேயே நிற்கும்.

கொட்டையை எங்கே வைப்பது?

இந்த ஊர் ஈரப்பதத்தில் திறந்த டப்பா ஆகாது. ஒரு வாரம் பத்து நாளைக்குள் தீர்ந்துவிடும் என்றால் காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு மேல் என்றால் 15, 20 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃபிரீசரில் போடுங்கள். ஒவ்வொரு காலையும் ஒன்றை மட்டும் வெளியே எடுத்து அப்படியே அரைக்கலாம். பெரிய பொட்டலத்தைத் தினமும் எடுத்துத் திறந்து மூடி உள்ளே வைத்தால், குளிர்ந்த கொட்டை மேல் நம் காற்றின் ஈரமெல்லாம் வேர்வையாகப் படிந்துவிடும்.

கெட்டிலின் உள்ளே பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. துருவா?

பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் தாதுப் படிவுதான். ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவிட்டு, அரை மணி வைத்திருந்து, இரண்டு தடவை வெறும் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். அதற்குப் பிறகும் அதே இடத்தில் குழியாகத் தெரிந்தால் அது துருதான், கெட்டிலை மாற்றிவிடுங்கள்.